இரசிகரும் உரிமைக்குரலும்

ஒரு படைப்பு வெளியானதும் அது படைத்தவனுக்கு உரியதா, சுவைப்பவனுக்கு உரியதா என்பது திறனாய்வில் நெடுங்காலமாக இருந்துவரும் வினா. இவ்வினா இன்று மிகக் கூர்மை பெற்றிருக்கும் இடம் அறிவியற் புனைகதைத் திரைப்படத் தொடர்கள் என்றால் நேயர்கள் சிலர் வியப்படையக்கூடும்.

இரசிகர் படைப்பாளியோடு மல்லுக்கு நிற்பது புதிதன்று. ஆர்தர் கொனன் டொயில் 1893 ஆம் ஆண்டு டிசம்பரில் ஷெர்லொக் ஹோம்ஸைச் சாகடித்தபோது, கதையை வெளியிட்ட சஞ்சிகையின் வாசகர்கள் ஆயிரக்கணக்கில் சந்தாவை நிறுத்திக்கொண்டனர் என்பர். 1903 இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பினார். பதிப்பாளர்கள் கொடுத்த பெருந்தொகையும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறந்துவிடலாகாது. 1966 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்ரார் ட்றெக்' இரண்டாம் பருவத்தோடு நின்றுவிடும் என்ற பேச்சு எழுந்ததும், இரசிகர்கள் ஒன்றுதிரண்டு கடிதங்கள் எழுதிக் குவித்தனர். மூன்றாம் பருவம் வரும் என 1968 இல் நிலையம் ஒளிபரப்பிலேயே அறிவித்தது. 1976 இல் முதலாவது விண்ணோடத்துக்கு அத்தொடரின் கப்பற்பெயராகிய 'என்ரர்பிரைஸ்' சூட்டப்பட்டதும் அத்தகைய கடிதங்களின் விளைவே. அன்பின் வலிமை அது.

அதே அன்பு நஞ்சாகிய கதையை 'ஸ்ரார் வோர்ஸ்' காட்டுகிறது. 1977 இல் முதற்படத்தைச் சிறுவராகப் பார்த்தவர்கள், 1999 இல் புதிய படம் வந்தபோது வளர்ந்தவர்களாய் இருந்தனர். தம் பால்யத்தைத் திருப்பித் தருமாறு படத்திடம் கேட்டனர். எந்தப் படத்தாலும் ஆகாத காரியம் அது. ஏமாற்றம் முழுவதும் ஜார் ஜார் பிங்ஸ் என்ற கோமாளிப் பாத்திரத்தின்மேல் விழுந்தது. அப்பாத்திரம் கறுப்பின மக்களைக் கேலிசெய்யும் பழைய வார்ப்பை ஒத்தது என்ற கண்டனம் நியாயமான விமர்சனமே. ஆனால் வசை பாத்திரத்தோடு நிற்கவில்லை. அதற்கு உடலும் குரலும் தந்த அஹ்மட் பெஸ்ட் என்ற இளைஞரைத் தொடர்ந்தது. தாம் அக்காலத்தில் நியூயோர்க்கின் புறூக்ளின் பாலத்தில் உயிரை விட்டுவிடும் எண்ணத்தோடு நின்றதை 2018 இல்தான் அவர் வெளியே சொன்னார்.

2017 இல் வந்த 'த லாஸ்ட் ஜெடை' படத்தில் றோஸ் என்னும் பாத்திரத்தை ஏற்றவர் கெலி மேரி ட்றான். வியட்நாமிலிருந்து அகதிகளாய் வந்த பெற்றோரின் மகள். நிறத்தையும் தோற்றத்தையும் இழித்து வந்த செய்திகளைத் தாளாது, 2018 இல் தம் இன்ஸ்ரகிராம் பதிவுகளை நீக்கினார். 2022 இல் மோசஸ் இங்கிரம் என்ற கறுப்பின நடிகைக்கும் இதே அனுபவம். படத்தை வெறுத்தவர் எல்லாரும் இப்படிப்பட்டவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். திரைக்கதை தளர்ந்தது என்று காரணத்தோடு எழுதியவர் பலர். அவர்களின் குரலும் இந்தக் கூச்சலில் அமுங்கிப்போயிற்று.

இலக்கிய மாணவர் கவனிக்க வேண்டியது, இது கதைக்கு என்ன செய்தது என்பதே. 2017 இன் படத்தில் நாயகி றேய், பெயரற்ற ஏழைகளின் மகள் என்று சொல்லப்படுகிறாள். வீரத்துக்குக் குலம் தேவையில்லை என்ற துணிவான கருத்து அது. இரண்டே ஆண்டுகளில், 2019 இன் படத்தில், அவள் பழைய பேரரசனின் பேத்தியாகிவிடுகிறாள். முந்திய படத்தில் முக்கிய பாத்திரமாயிருந்த றோஸ், சில நிமிடங்களுக்கு மேல் தோன்றுவதேயில்லை. மறைந்த நடிகை கரி ஃபிஷரின் பழைய படப்பிடிப்போடு இணைக்கவிருந்த காட்சிகள் சரிவராமையே காரணம் எனத் திரைக்கதையாசிரியருள் ஒருவர் விளக்கினார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அப்படம் முழுவதிலும், யாரையும் கோபப்படுத்திவிடக் கூடாதே என்ற அச்சம் எனக்குத் தென்படுகிறது. எதிர்காலத்தைக் கற்பனை செய்யப் பிறந்த ஓர் இலக்கிய வகை, பழைய முகங்களையும் பழைய கப்பல்களையும் மீட்டும் மீட்டும் காட்டி ஆறுதல் தேடுகிறது.

வணிகத்தின் பங்கும் இதில் உண்டு. 2012 இல் டிஸ்னி நிறுவனம் இத்தொடரின் உரிமையை ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு வாங்கியது. அத்தனை பணம் கொடுத்தவர், இரசிகரை "நீங்களே இதன் காவலர்" என்று தட்டிக்கொடுத்துத்தான் பொம்மைகளையும் சட்டைகளையும் விற்கிறார். காவலர் என்று சொல்லப்பட்டவர் தடி எடுத்தால் வியப்பென்ன? இங்கிரம் தாக்கப்பட்டபோது, நிறுவனமும் சக நடிகர் இவன் மக்ரிகரும் வெளிப்படையாகக் கண்டித்தனர். ட்றானின் காலத்தில் இத்தனை உறுதி காணப்படவில்லை.

அஹ்மட் பெஸ்ட் 2019 இல் சிக்காகோவில் நடந்த இரசிகர் விழாவுக்குச் சென்றார். கூடியிருந்தவர்கள் நெடுநேரம் கைதட்டி அவரை வரவேற்றனர். 2023 இல், 'த மண்டலோரியன்' தொடரின் ஓர் அத்தியாயத்தில், ஒரு குழந்தையைக் காப்பாற்றும் ஜெடை வீரனாக, முகமூடி எதுவுமின்றித் தம் சொந்த முகத்தோடு தோன்றினார்.