வெளிநாட்டில் வாடகை கார் ஓட்டத் திட்டமா? சாவியை வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

டெல்லி: சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகளிலும் நியூசிலாந்தின் கடலோரச் சாலைகளிலும் தாமே கார் ஓட்டிச் சுற்றிப்பார்க்க விரும்பும் இந்தியர்கள் பெரும்பாலும் அஞ்சுவது பழக்கமில்லாத சாலைகளுக்குத்தான். ஆனால், பெரும் செலவில் கொண்டுபோய் விடும் தவறுகள் பல, காரின் சாவி கைக்கு வருவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகின்றன. உரிமம், வங்கி அட்டை, காப்பீடு ஆகிய மூன்றையும் புறப்படும் முன்பே சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி

சாலைப் போக்குவரத்து குறித்த 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் இந்தியாவும் இணைந்துள்ளது. அதன் அடிப்படையிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வழங்கப்படுகிறது. ஆங்கிலத்தில் உள்ள இந்திய உரிமத்தைக் கொண்டே பிரிட்டன், நியூசிலாந்து போன்ற நாடுகளில் சுற்றுலாப் பயணிகள் குறிப்பிட்ட காலம் வரை கார் ஓட்டலாம். ஜப்பானிலோ இந்த அனுமதி கட்டாயம். சட்டப்படி தேவைப்படாத இடங்களிலும் வாடகை நிறுவனங்கள் இதைக் கேட்பதுண்டு.

இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களே இந்த அனுமதியை வழங்குகின்றன. 'பரிவாகன்' இணையதளத்தில் படிவம் 4ஏ மூலம் விண்ணப்பிக்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இதற்கான கட்டணம் 1,000 ரூபாய். அனுமதி ஓராண்டு வரை செல்லும். இந்திய உரிமம் அதற்கு முன்பே காலாவதியானால் அனுமதியும் அன்றே முடிந்துவிடும். நாடு முழுவதும் ஒரே வடிவில், கியூஆர் குறியீட்டுடன் இதை வழங்குவதற்கான அறிவிக்கை 2022 ஆகஸ்டில் வெளியானது. இணையத்தில் தனியார் விற்கும் 'சர்வதேச உரிமங்கள்' இதற்கு மாற்றாகாது.

இந்த அனுமதி மட்டும் கையில் இருந்தால் போதாது. அசல் உரிம அட்டையும் உடன் இருக்க வேண்டும். செல்லத்தக்க உரிமம் இல்லாமல் கார் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். அப்போது சேதச் செலவு முழுவதும் ஓட்டியவர் தலையிலேயே விழும்.

வங்கி அட்டை

பெரும்பாலான நிறுவனங்கள் கார் ஓட்டுபவரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டைக் கேட்கின்றன. வாடகை தவிர, டெபாசிட்டாக ஒரு தொகையும் அதில் நிறுத்திவைக்கப்படும். காரைத் திருப்பிக் கொடுத்த பின்னரும் அத்தொகை விடுவிக்கப்படச் சில நாட்கள் ஆகலாம் என்பதால், அட்டையின் வரம்பில் போதிய இடம் இருக்க வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு உத்தரவின்படி, புதிய அட்டைகள் உள்நாட்டில் மட்டும் பயன்படும் வகையிலேயே வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியை வங்கிச் செயலி மூலம் இயக்கிக்கொள்ளாமல் விமானம் ஏறுவோர், கார் நிறுவனத்தின் கவுன்டரில் தவிக்க நேரிடும்.

காப்பீட்டில் கவனம்

'முழுக் காப்பீடு' என்ற சொல்லை மட்டும் நம்பிக் கையெழுத்திடக் கூடாது. சேதம் ஏற்பட்டால் வாடகைக்கு எடுத்தவர் முதலில் ஏற்க வேண்டிய 'எக்ஸஸ்' என்ற தொகை ஒப்பந்தத்தில் இருக்கும். உதாரணமாக, எக்ஸஸ் 1,500 யூரோ எனில், 900 யூரோ சேதத்தை முழுவதும் அவரே கட்ட வேண்டும். சேதம் 4,000 யூரோவாக இருந்தால், அவர் பங்கு 1,500 யூரோவுடன் நிற்கும்.

டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி ஆகியவை பல ஒப்பந்தங்களில் காப்பீட்டுக்குள் வருவதில்லை. ஜல்லிச் சாலைகளில் ஓட்டுவதற்கும் எல்லை தாண்டி அண்டை நாட்டுக்குச் செல்வதற்கும் தடை உண்டா என்று கேட்டறிவது நல்லது. இரண்டாவது நபரும் ஓட்டுவதாக இருந்தால், அவர் பெயர் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

காரைப் பெறும்போது

நகரும் முன் காரை நான்கு பக்கமும் வீடியோ எடுத்து, எரிபொருள் அளவையும் ஓடிய தூரத்தையும் படம் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள கீறல்களை ஊழியரிடம் காட்டி, ஆய்வுப் படிவத்தில் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். பெட்ரோல் காரா, டீசல் காரா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். பிரிட்டனில் பச்சைக் குழாய் பெட்ரோலுக்கு உரியது. அமெரிக்காவிலோ பல பங்குகளில் டீசல் குழாய்தான் பச்சை.

சாலையில் மாறும் பழக்கங்கள்

பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான், தாய்லாந்து ஆகிய நாடுகளில் இந்தியாவைப் போலவே இடப்பக்கம் ஓட்டலாம். அமெரிக்கா, ஐரோப்பாவின் பெரும்பகுதி, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றில் வலப்பக்கம். அங்கு கியரை வலக்கையால் மாற்ற வேண்டியிருப்பதால் ஆட்டோமேட்டிக் கார் எளிது. இரவு முழுவதும் விமானத்தில் வந்தவர்கள் ஓய்வெடுத்த பிறகு ஓட்டத் தொடங்குவதே பாதுகாப்பு.

ரவுண்டானாவில் பொதுவாக ஏற்கெனவே சுற்றி வரும் வாகனத்துக்கே முன்னுரிமை. 'ஃப்ரீ லெஃப்ட்' பழக்கத்தை மறந்துவிட வேண்டும்: பிரிட்டனில் சிவப்பு விளக்கில் இடப்புறம் திரும்பக் கூடாது. அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் முழுமையாக நின்ற பின் வலப்புறம் திரும்பலாம். நியூயார்க் நகரில் அனுமதிப் பலகை இருந்தால் மட்டுமே திரும்பலாம்.

வீடு திரும்பிய பின் வரும் அபராதம்

ரோம், புளோரன்ஸ் போன்ற இத்தாலிய நகரங்களின் பழைய மையப் பகுதிகளில் அனுமதியற்ற கார்களைக் கேமராக்கள் பதிவு செய்கின்றன. சுவிட்சர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் ஓட்ட, ஓராண்டுக்கான 40 பிராங்க் வில்லை தேவை. வேறு நாட்டில் எடுத்த காரில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துபாயில் 'சாலிக்' சுங்கக் கட்டணம் தானாகக் கணக்கிடப்பட்டு, வாடகைக் கணக்கில் சேரும். அபராத அறிவிப்பு வந்தால் நிறுவனம் ஓட்டியவரின் விவரத்தைக் காவல்துறைக்கு அளிப்பதுடன், அதற்கெனத் தனிக் கட்டணமும் பிடிப்பது வழக்கம்.

விபத்து நேர்ந்தால், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்காவில் 911, நியூசிலாந்தில் 111 ஆகிய எண்களை அழைக்கலாம். காவல்துறை அறிக்கையின் நகலைப் பெற்று, வாடகை நிறுவனத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். இழப்பீடு கோர அது தேவைப்படும். காரை ஒப்படைக்கும்போது மீண்டும் வீடியோ எடுத்து, குறை ஏதுமில்லை என எழுத்தில் பெற்று, டெபாசிட் திரும்பும் வரை அந்தப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.