விளக்கடியில் காந்தாரி

தக்கலைப் பக்கம் மிளகாய்ச் செடிக்கு வெயில் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. மழை விட்ட நாளிலும் தென்னையும் பலாவும் ரப்பரும் வெயிலை மேலேயே பிடித்துக்கொள்ளும். முற்றம் முழுக்கத் தளம் போட்ட வீடுகளில் செடி வைக்க மண்ணும் இல்லை. மரச்சீனிக் கிழங்கு வேகும்போது நாலு காந்தாரி மிளகாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பவர்கள், அறைக்குள் எல்.இ.டி. விளக்கின் கீழ் வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். வளர்க்கலாம். ஆனால் தினம் நாலைந்து மணி நேரம் நேர் வெயில் விழும் ஒரு மூலை வீட்டில் இருந்தால் விளக்குக்குச் செலவழிக்க வேண்டாம், தொட்டியை அங்கேயே வையுங்கள்.

ரகம் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் காரத்தைப் பார்க்கிறார்கள், அல்லது விதைப் பாக்கெட்டில் இருக்கும் படத்தைப் பார்க்கிறார்கள். அறைக்குள் வளர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது செடியின் உயரத்தையும் காயின் அளவையும். காரணம் வெளிச்சக் கணக்கில் இருக்கிறது.

நடுப்பகல் வெயிலின் வெளிச்சம் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். நம் கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத் தெரியும் கூடத்தில் இரவில் 200, 300 லக்ஸ்தான் இருக்கும். ஜன்னலோரத்தில் பகலில் ஆயிரம், இரண்டாயிரம். மிளகாய் பூத்துக் காய்க்க, நாளுக்கு 14 மணி நேரம் விளக்கு எரிந்தாலும் 15,000 முதல் 20,000 லக்ஸ் வரை இலைமேல் விழ வேண்டும். நாலடி நீளமுள்ள 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்குகள் நான்கை நெருக்கமாகக் கட்டி, செடியின் தலைக்கு அரையடி உயரத்தில் தொங்கவிட்டால், ஒன்றேகால் அடி அகலப் பலகை ஒன்றுக்கு ஏறக்குறைய அந்த வெளிச்சம் கிடைக்கும். நாலைந்து தொட்டி வைக்கலாம். ஊதா நிற விளக்கு என்று தனியாக விற்பதை வாங்க வேண்டிய அவசியமில்லை. பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை விளக்கே போதும், அதன் கீழ் இலையில் பூச்சி இருப்பதும் கண்ணுக்குத் தெரியும். மொத்தம் 80 வாட் என்றால் நாளுக்கு 1.12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 67 யூனிட். இது சிறிய செலவு இல்லை.

விளக்கை விட்டு விலக விலக வெளிச்சம் வேகமாகக் குறையும். மூன்றடி வளரும் செடியில் உச்சிக் கொத்துக்குத்தான் விளக்கு, கீழே உள்ள இலைகள் வெறுமனே பழுத்து உதிரும். ஒன்றரை அடிக்குள் அடங்கிப் புதராகும் செடி வாங்கும் வெளிச்சம் முழுவதையும் பயன்படுத்தும். காயும் அப்படித்தான். பெரிய, சதைப்பற்றான காய் முற்ற நிறையச் சத்து தேவை. குறைந்த வெளிச்சத்தில் செடி அதைச் சேர்ப்பதற்குள் பாதிக் காயை உதிர்த்துவிடும். சின்னக் காய் உதிராமல் நின்று பழுக்கும்.

இந்த இரண்டு அளவுகோலில் காந்தாரி ஒன்றில் தேறுகிறது, மற்றதில் திணறுகிறது. காய் ஓர் அங்குலம்கூட இருக்காது. தென்னந்தோப்பின் அரை நிழலிலும் தானாக முளைத்துக் காய்க்கும் பழக்கம் அதற்கு உண்டு. பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது, பழத்தைத் தின்று விதையை மரத்தடியில் போட்டுவிட்டுப் போகும். அதனால் நிழல் காந்தாரிக்குப் புதிதல்ல. ஆனால் நிலத்தில் விட்டால் நம் இடுப்பைத் தாண்டும். முளைக்கவே இரண்டு மூன்று வாரம் எடுக்கும், பூக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அறைக்குள் அதை வைப்பவர் எட்டு இலை விட்டதும் குருத்தைக் கிள்ள வேண்டும், பக்கக் கிளைகளையும் ஒருமுறை கிள்ள வேண்டும். எட்டு முதல் பத்து லிட்டர் தொட்டியில் வேரை அடக்கினால் உயரமும் அடங்கும். பொறுமை இருந்தால் பலன் உண்டு, ஒரே செடி இரண்டு மூன்று வருடம் காய்க்கும். வெள்ளைக் காந்தாரி, பச்சைக் காந்தாரி இரண்டுமே பரவாயில்லை. ஊதாக் காந்தாரியைத் தவிர்க்கச் சொல்வேன். அந்த நிறம் ஏற வலுவான வெளிச்சம் வேண்டும், விளக்கடியில் அது வெளிறிப்போகும்.

முதல் தடவை வளர்ப்பவருக்கு நான் காந்தாரியைச் சொல்வதில்லை. கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட உஜ்வலாவைச் சொல்வேன். நெருக்கமாக நடுவதற்கு ஏற்ற செடி. சிறிய காய்கள் கொத்துக்கொத்தாக மேல்நோக்கி நிற்கும், நல்ல காரம். பாக்டீரியா வாடல் நோயைத் தாங்குவதுதான் அதன் பெரிய பெருமை. நம் பக்கத்துப் புளிப்புச் செம்மண்ணில் அந்த நோய் அதிகம். தோட்டத்து மண்ணை அள்ளித் தொட்டியில் போட்டால் நோயும் கூடவே வீட்டுக்குள் வரும், பச்சையாக நிற்கும் செடி ஓரிரு நாளில் துவண்டு சாகும். பாதிக்குமேல் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவை பாதுகாப்பானது. உஜ்வலா விதை கிடைக்காவிட்டால் டில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா சதாபஹார் இருக்கிறது. அதுவும் மேல்நோக்கிக் கொத்தாகக் காய்ப்பது, சில வருடம் நிற்பது. பூசா ஜ்வாலா குட்டைப் புதர், சீக்கிரம் காய்க்கும், ஆனால் காய் நீளமாக இருப்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கொடுக்க வேண்டும்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாயோ, கரிசல் காட்டுச் சம்பா வத்தலோ அறைக்கு ஆகாது. திறந்த வெயிலில் காய்ந்து வத்தலாவதற்கென்று வளர்ந்து வந்த ரகங்கள் அவை. வடகிழக்கின் பூத் ஜோலோக்கியா மீது பலருக்கு ஆசை. 2007-இல் 10,01,304 ஸ்கோவில் அலகுடன் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் பதிவு பெற்றது. காந்தாரி 50,000-க்கு மேல் போகும் என்றாலும் அதன் அருகில் வர முடியாது. ஆனால் ஜோலோக்கியா உயரமானது, பழுக்க ஐந்தாறு மாதம் எடுப்பது, வெப்பம் கொஞ்சம் கூடினாலும் பூவைக் கொட்டுவது. ஒரு வீட்டுக் குழம்புக்கு இரண்டு பழம் வருடம் முழுக்கப் போதும் என்னும்போது, அதற்காக நாள்தோறும் விளக்கெரிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

லண்டனிலோ டொரொன்டோவிலோ குளிர்காலத்தில் மிளகாய் வளர்க்கும் நம்மவர்களுக்கு விதைத் தட்டைச் சூடாக்கும் மெத்தை வேண்டும். தக்கலையில் சூடு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது, இங்கே தொல்லை எதிர்ப்பக்கம். இரவிலும் அறை 25 பாகைக்குக் கீழே இறங்காத சித்திரை, வைகாசியில் பூ பிஞ்சாகாமல் உதிரும். காற்றும் வண்டும் வராத அறையில் மகரந்தமும் தானாக நகராது. மிளகாய்ப் பூ தன்னைத்தானே சூல்கொள்ளும் வகைதான், ஆனாலும் யாராவது அசைத்துவிட வேண்டும். காலையில் கிளையை விரலால் லேசாகச் சுண்டினால் போதும். ஒரு சின்ன மேசை விசிறி அந்த வேலையையும் செய்யும், இலையடியில் ஈரம் தேங்காமலும் பார்த்துக்கொள்ளும். இலை கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன்கள் வந்திருக்கலாம். அறைக்குள் அவற்றைத் தின்னும் பூச்சிகள் கிடையாது, ஆகவே முதல் சுருளைக் கண்டதுமே அதைக் கிள்ளியெறிந்து, விளக்கை அணைத்த பிறகு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

உஜ்வலாவை ஆடி, ஆவணியில் விதைத்தால் போதும். காந்தாரிக்கு அதைவிட முன்னே, வைகாசிக் கடைசியில் நன்றாகப் பழுத்துச் சிவந்த பழத்தின் விதையை எடுத்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். வெளியே மழை அடிக்கும் மாதங்களில் நாற்று விளக்கடியில் தேறும், இரவு குளிரத் தொடங்கும் கார்த்திகை, மார்கழியில் பூக்க ஆரம்பிக்கும்.