காருக்குள் ஒரு கரி மூட்டை!

என் மனைவியின் மூக்கைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். எதிர் போர்ஷனில் ரசம் கொதிக்கும்போதே, "பெருங்காயம் போட மறந்துட்டாங்க" என்று தீர்ப்புச் சொல்லக் கூடிய மூக்கு. ஆபீஸிலிருந்து வரும் வழியில் நான் பஜ்ஜி சாப்பிட்டிருந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "வாழைக்காயா, வெங்காயமா?" என்று விசாரணை ஆரம்பமாகிவிடும். அந்த மூக்கைப் பல தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். இப்போது கும்பிடுகிறேன். காரணம், ஒரு கரி டப்பா!

குடியிருப்பது திருமுல்லைவாயல். வேலை, அம்பத்தூர் எஸ்டேட்டில். செகண்ட்ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் கார் ஒன்று வைத்திருக்கிறேன். ரொம்ப சாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், வயிறு நிறைய பெட்ரோல் போட்டதும் ஸ்டார்ட் ஆகாது. பட்டினி கிடந்தால் ஒழுங்காக ஓடும், சாப்பிட்டால் படுத்துவிடும். (எங்கள் ஆபீஸிலும் இப்படிச் சிலர் உண்டு. மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தால் பார்க்கலாம்.) சி.டி.எச். ரோடு பங்க் ஒன்றில் ஒரு நாள் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் காத்திருந்த ஆட்டோக்காரர் சொன்னதை அச்சில் போட முடியாது.

ரோட்டோர மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறந்தார். அரை நிமிஷத்தில் வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டிக் காட்டினார்.

"இதான் ஸார் வில்லன். உள்ளே வெறும் கரி. ஃபாரின்காரனுக்காக வெச்சது. நமக்கு டம்மி பீஸ். எடுத்துட்டா மைலேஜும் ஏறும்!"

மைலேஜ் என்ற வார்த்தையைக் கேட்டால் சம்பளக்காரன் புத்தி வேலை செய்யாது. "எடுத்துடுங்க" என்றேன். என்ஜினுக்குப் போகும் பைப்பில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்தார். டாங்க்கிலிருந்து வரும் பைப்பைச் சும்மா தொங்கவிட்டார். 300 ரூபாய். வண்டி ஜம்மென்று கிளம்பியது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

நாலாம் நாள் விடியற்காலை ஐந்து மணி. கீழே கார் நிறுத்தும் இடத்தில்தான் தண்ணீர் மோட்டார் சுவிட்சும் இருக்கிறது. தூக்கக் கலக்கத்தோடு படியிறங்கி, சுவிட்சில் கை வைக்கப் போனேன். மாடிப்படியிலிருந்து ஒரு கத்தல்:

"ஏங்க, தொடாதீங்க! பெட்ரோல் நாத்தம் குப்புனு அடிக்குது!"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அந்த மூக்கோடு வாதாடி நான் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு, காரைத் தெருவுக்குத் தள்ளினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வாக்கிங் கிளம்பியவர், அவரும் ஒரு கை கொடுத்தார். ஆவடி டாங்க் ஃபாக்டரியில் ரிடையர் ஆனவர். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கேனிஸ்டரை எங்கே தம்பி?"

"எடுத்துட்டேன் ஸார்... டம்மின்னு சொன்னாங்க."

"தம்பி, பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம். மேலே போகாது. தரையோட தவழ்ந்து அங்கங்கே தேங்கி நிக்கும். மோட்டார் சுவிட்சுல ஒரு பொறி போதும். உங்க வீட்டுக்காரம்மா மட்டும் வரலைன்னா..."

முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டாம். பெட்ரோல் ஆவிக்குத் தீப்பிடிக்க வெயில் கூட வேண்டாமாம். சுமார் மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் மார்கழி மாசமே 20 டிகிரி!

பிறகு காபி குடித்துக்கொண்டே பாடம் நடத்தினார். டாங்க்கில் இருக்கும் பெட்ரோல் வெயிலில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி நேராக வெளியே போகாமல் கரி டப்பாவுக்குள் போகும். கரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கார் ஓடும்போது 'பர்ஜ் வால்வு' என்ற சின்னக் கதவு திறக்க, டப்பாவின் இன்னொரு வழியாகக் காற்று நுழைந்து, ஆவியை அள்ளிக்கொண்டு என்ஜினுக்குள் போய் எரியும். கரி மறுபடியும் காலி. அதாவது வீணாகப் போக வேண்டிய பெட்ரோலைச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கிற உண்டியல் அது. அதை எடுத்துவிட்டு மைலேஜ் ஏறும் என்பது, உண்டியலை உடைத்தால் பணம் பெருகும் என்பது மாதிரி!

கரி என்றால் இஸ்திரிப் பெட்டிக் கரி அல்ல. 'ஆக்டிவேட்டட் கார்பன்'. உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரு கிராம் கரியில் இருக்கும் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் 500 சதுர மீட்டருக்கு மேல் வரும். நம் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்கு மேல்! அம்பத்தூர் ரியல் எஸ்டேட்காரர்கள் கவனிக்கவும். காங்கேயம் பக்கம் கொட்டாங்குச்சியிலிருந்து செய்து தண்ணீர் ஃபில்டருக்கு அனுப்புகிறார்களே, அதன் ஒன்றுவிட்ட தம்பி. கார் டப்பாவில் பெரும்பாலும் மரத்திலிருந்து செய்த கரி.

இதற்கு ஆதி காரணம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கண் எரிச்சல். அங்கே ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1950-களின் தொடக்கத்தில் ஊர்க் காற்றையே ஆராய்ந்தார். பெட்ரோல் ஆவியும் வண்டிப் புகையும் வெயிலில் வெந்துதான் கண்ணைக் கரிக்கும் ஓசோன் மூட்டம் உண்டாகிறது என்று காட்டினார். (அவருக்கும் என் மனைவி மூக்குதான் போலிருக்கிறது!) கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலிருந்தும், 1971-லிருந்து அமெரிக்கா முழுக்கவும் ஆவித் தடுப்பு கட்டாயமானது. அந்த ஊர் வெயிலுக்கே அப்படியென்றால் நம் சென்னை வெயிலுக்குக் கேட்க வேண்டுமா?

நம் பாரத் ஸ்டேஜ் விதிகளும் சும்மா இல்லை. காரை ஒரு மூடிய அறையில் அடைத்து, எவ்வளவு ஆவி கசிகிறது என்று அளப்பார்கள். சோதனை முழுக்கச் சேர்த்து 2 கிராமைத் தாண்டக் கூடாது. ஒரு மூக்குத்தி எடை! 2017 ஏப்ரலில் இரு சக்கர வண்டிகளுக்கு பாரத் ஸ்டேஜ் 4 வந்தபோது பைக்குகளுக்கும் கரி டப்பா வந்து சேர்ந்தது. 'ஸ்டைலா இல்லை' என்று அதைக் கழற்றிப் போடும் தம்பிமார்களும் இதைப் படிக்கவும்.

"பி.யூ.சி. சர்டிபிகேட்தான் கொடுத்துடறாங்களே ஸார்?" என்று கேட்டேன். அங்கே புகைக் குழாயில்தான் பைப்பைச் செருகிப் பார்க்கிறார்கள்; டாங்க்கை யாரும் மோந்து பார்ப்பதில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி செய்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. மாசு விதியை மீறிய வண்டியை ஓட்டினால், 2019 திருத்தப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 3 மாதம் வரை ஜெயிலும் உண்டு.

"சரி ஸார், டப்பா ஏன் கெட்டுப்போச்சு?"

"பெட்ரோல் எப்படிப் போடுவீங்க தம்பி?"

"ஃபுல் டாங்க். 'க்ளிக்'னு நின்னதும், பையன் ரவுண்டா போட்டுடட்டுமான்னு கேப்பான். சரிம்பேன்."

பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த 'க்ளிக்'தான் போதும் என்கிற சத்தமாம். அதற்கு மேல் ஊற்றும்போது, ஆவி போக வேண்டிய பாதையில் பெட்ரோலே நேராகப் போய்க் கரியை ஊற வைத்துவிடுகிறது. ஊறிய கரியிலிருந்து என்ஜினுக்கு ஒரேயடியாக ஆவி பாய்கிறது. அதனால்தான் சாப்பிட்டதும் படுத்திருக்கிறது. வில்லன் டப்பா இல்லை, நான்தான்!

புதுப்பேட்டையில் பழைய டப்பா மலிவாகக் கிடைக்கும் என்றேன். "அதுவும் உங்களை மாதிரி ஒருத்தர் ஊற வெச்சதா இருந்தா?" என்றார். வாயை மூடிக்கொண்டு புதுசே வாங்கினேன். அதை மாட்டுவதற்கு முன் பர்ஜ் வால்வைக் கழற்றி ஊதிப் பார்க்கச் சொன்னார். கரண்ட் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும், காற்று போகக் கூடாது. பழைய பைப்புகளில் விரிசல் இருக்கிறதா, கரித் தூள் சிக்கியிருக்கிறதா, டாங்க் மூடியின் ரப்பர் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தோம். மொத்தச் செலவு, மிச்சம் பிடித்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்ததைப் போல் பல மடங்கு.

போன வாரம் அதே பங்க். 'க்ளிக்' சத்தம். மீட்டரில் 1,963 ரூபாய் 40 காசு.

"ரெண்டாயிரமா ரவுண்ட் பண்ணிடட்டுமா ஸார்?"

"வேணாம் தம்பி. அப்படியே விடு." செல்போனில் பணம் அனுப்பும் காலத்தில் 40 காசுக்கு என்ன கஷ்டம்?

சாவியைத் திருப்பினேன். முதல் தடவையிலேயே ஸ்டார்ட்! அந்தச் சந்தோஷத்தில், வழியில் யாருக்கும் தெரியாமல் இரண்டு பஜ்ஜி சாப்பிட்டேன்.

வீட்டு வாசலில் மனைவி காரின் பக்கம் வந்து ஒரு முறை மூச்சை இழுத்தாள்.

"பெட்ரோல் வாசனை சுத்தமா இல்லீங்க."

நிம்மதியாக இறங்கினேன்.

"வாழைக்காயா, வெங்காயமா?"