முறையிடும் பிள்ளைக்குச் செவி சாயுங்கள்

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒரு நாள் தோழர்கள் சிலருடன் வீதியில் சென்றுகொண்டிருந்தார்கள். மூதாட்டி ஒருவர் அவர்களை வழியில் நிறுத்திப் பேசத் தொடங்கினார். பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. கலீஃபா அவர்களோ தலை தாழ்த்தி, அந்த அம்மையார் சொல்லி முடிக்கும் வரை அசையாது நின்று கேட்டார்கள். உடனிருந்த ஒருவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு கிழவிக்காக இத்தனை பெருமக்களைக் காக்க வைத்தீர்களே என்று குறைபட்டுக்கொண்டார். இவருடைய முறையீட்டை ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ்வே செவியுற்றிருக்க, உமர் செவிசாய்க்காமல் போகலாமா என்ற கருத்தில் அவருக்கு மறுமொழி பகர்ந்தார்கள் கலீஃபா.

அந்த அம்மையார்தாம் கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்கள். கணவர் தமக்கு இழைத்த அநீதியை அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டவர். அதே இல்லத்தில் இருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே சில சொற்கள் கேட்கவில்லை. அத்துணைத் தணிந்த குரல். ஆயினும் படைத்தவன் அதைக் கேட்டான். திருக்குர்ஆனின் 58ஆவது அத்தியாயம் அந்த முறையீட்டைக் கொண்டே தொடங்குகிறது. வீட்டு மூலையில் ஒலித்த ஒரு மெல்லிய குரலுக்கு இஸ்லாம் அளித்த மதிப்பு இது.

இன்று நம் வீட்டு மூலையில் ஒலிக்கும் மெல்லிய குரலுக்கு நாம் என்ன மதிப்பு அளிக்கிறோம்?

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை புத்தகப் பையை ஓரத்தில் வைத்துவிட்டு, "வாப்பா, அவர்கள் என்னை அடிக்கிறார்கள்" என்கிறது. உம்மா கட்டித் தந்த சோறு உண்ணப்படாமல் திரும்பி வருகிறது. காலை விடிந்தால் வயிற்றுவலி என்கிறது. விடுமுறை நாளில் அந்த வலி வருவதில்லை. பேனா தொலைகிறது, நோட்டு கிழிகிறது, சட்டைப் பொத்தான் அறுந்துபோகிறது. சில பிள்ளைகள் இத்தனையும் நடந்த பிறகும் வாய் திறப்பதில்லை. வாய் திறக்கும் பிள்ளைக்கோ, "ஸபூர் செய், கோள் சொல்லாதே, அவன் பாவம் அவனோடு" என்பதே பெரும்பாலும் நம் விடையாக இருக்கிறது.

ஸபூர் என்னும் உயர்ந்த சொல்லை இவ்விடத்தில் பயன்படுத்துவது முறைதானா? துன்பம் நேர்கையில் உள்ளம் தளராது இறைவனைச் சார்ந்து நிற்பதே பொறுமை. தடுக்கக்கூடிய அநீதியைத் தடுக்காமல் இருப்பதற்கு அப்பெயர் பொருந்தாது. மேலும், பொறுமை காப்பது பிள்ளை. அதைத் தடுக்கும் ஆற்றல் இருந்தும் வாளாவிருப்பது நாம். பிள்ளையின் பொறுமையைக் கொண்டு நம் சோம்பலுக்குத் திரையிடலாகாது.

கோள் சொல்வதும் புறம் பேசுவதும் பெரும்பாவங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின், அநீதிக்கு ஆளானவன் அதை நீக்கவல்லவரிடம் எடுத்துரைப்பது அவற்றில் சேருமா? தீய சொற்களைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும் திருமறையின் 4ஆவது அத்தியாயம் 148ஆவது வசனம், அநீதி இழைக்கப்பட்டவருக்கு அங்கேயே விலக்கும் அளித்துள்ளது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் ரியாளுஸ் ஸாலிஹீன் நூலில், பிறர் குறையைப் பேசுவது அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களை வகுத்தார்கள். அவற்றுள் முதலாவது, அநீதிக்கு ஆளானவன் அதிகாரம் உடையவரிடம் செய்யும் முறையீடே. கோள் உறவைக் கெடுப்பதற்காகச் சொல்லப்படுவது. முறையீடு கொடுமையை நிறுத்துவதற்காகச் சொல்லப்படுவது. இவ்வேறுபாட்டை நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் வேண்டும். நேரில் கண்ட பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குரியது என்பது 2:283 வசனத்தின் எச்சரிக்கை.

அடி மட்டுமே கொடுமை என்று எண்ணிவிடவும் வேண்டாம். ஏளனம் செய்வதையும், குத்திப் பேசுவதையும், இழிவான பட்டப்பெயர் சூட்டுவதையும் 49ஆவது அத்தியாயத்தின் 11ஆவது வசனம் ஒருசேரத் தடுக்கிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு சிலர் சிரித்தபோது, மறுமையின் தராசில் அவை உஹது மலையினும் கனமானவை எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். சிரித்தவர்களைத் திருத்திய அதே சொல், சிரிக்கப்பட்டவரை உயர்த்தியும் விட்டது.

இனி, முறையிடும் வழியைப் பார்ப்போம். கடனைக்கூட எழுதி வைத்துச் சாட்சி அமைக்குமாறு திருமறையின் மிக நீண்ட வசனம் பணிக்கிறது. பணத்துக்கே அப்படியென்றால், பிள்ளையின் உயிருக்கும் மானத்துக்கும் எவ்வாறு? ஆகவே, நடந்தது என்ன, எந்த நாள், எவ்விடம், உடனிருந்தோர் யார் என்பதை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். எடுக்கப்படும் நடவடிக்கையை எந்த நாளில் வந்து கேட்கலாம் என்று அப்போதே கேட்டு வாருங்கள். எதிர்த்தரப்பார் வீட்டு வாசலில் போய்ச் சண்டையிடுவது பிள்ளைக்கு மேலும் தீங்கையே தேடித் தரும். பள்ளி அசட்டை செய்தால், குழந்தைகள் உதவி எண் 1098 உண்டு. தமிழ்நாட்டின் கல்வி உதவி எண் 14417 உண்டு.

பாலியல் தீங்கு என்றாலோ, மூடி மறைக்க எவருக்கும் உரிமையில்லை. 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தம் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நல்லெண்ணத்துடன் தெரிவிப்பவர் மீது அதற்காக வழக்குத் தொடர இயலாது. பிள்ளையின் பெயரை வெளியிடுவதும் குற்றமாகும். குடும்ப மானம் போய்விடுமே என்று அஞ்சும் பெற்றோர் இதை அறிந்திருத்தல் நலம். இச்சட்டம் பள்ளிக்கூடத்துக்குப் போலவே மத்ரஸாவுக்கும் விடுதிக்கும் உரியது. உஸ்தாத் மீதுள்ள மரியாதையும் ஜமாஅத்தின் நற்பெயரும் இதற்குத் தடையாக நிற்கக்கூடாது.

முறையீட்டைப் பெற்றுக்கொள்வதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் நிகழ்ந்ததை நாடறியும். சக மாணவர்களின் சாதிக் கொடுமை தாளாது பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தியிருந்தார் 12ஆம் வகுப்பு மாணவர் ஒருவர். ஆசிரியர் கேட்டபோது உண்மை வெளிவந்தது. அதன் பின்னரே, வீடு தேடி வந்து அவரையும், தடுக்க முனைந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். சொன்னவரைக் காக்கும் ஏற்பாடு இன்றி, சொல்லச் சொல்வது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்நிகழ்ச்சியை அடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. அம்மாணவரோ அதே 2024இல் பிளஸ் 2 தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றுத் தேறினார்.

இறுதியாக, மிகக் கடினமான ஒன்று. முறையீடு நம் பிள்ளையின் மீதே வந்தால்? "என் மகன் அப்படிப்பட்டவன் அல்லன்" என்று சீறுவது எளிது. ஆனால், நமக்கே பாதகமாயினும், பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாயினும் நீதியில் நிலைத்து நிற்குமாறு 4:135 வசனம் கட்டளையிடுகிறது. சகோதரன் அநீதி இழைப்பவனாயினும், அநீதிக்கு ஆளானவனாயினும் அவனுக்கு உதவுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தபோது, அநீதி இழைப்பவனுக்கு உதவுவது எங்ஙனம் எனத் தோழர்கள் வினவினார்கள். அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது பெருமானார் தந்த விளக்கம். அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கு நம் மகனின் கைபிடித்து அழைத்துச் சென்று மன்னிப்புக் கேட்கச் செய்யும் தந்தை, இரண்டு பிள்ளைகளுக்கும் உதவியவர் ஆகிறார்.

இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், பிள்ளையை அருகில் அமர்த்தி, பள்ளிக்கூடத்தில் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டபின், அது சொல்லி முடிக்கும் வரை காத்திருங்கள். கலீஃபா உமரே வீதியில் காத்து நின்றார்கள். நமக்கு அதைவிட அவசர வேலை என்ன இருக்கப்போகிறது?

நம் பிள்ளைகளை அநீதிக்கு ஆளாவதினின்றும், அநீதி இழைப்பதினின்றும் வல்ல நாயன் காத்தருள்வானாக! ஆமீன்.