‘படம் எப்படி இருக்கு ப்ரோ?’ - முதல் 3 நாள் வாய் திறக்கக் கூடாதா? சட்டம் சொல்வது என்ன?

வெள்ளிக்கிழமை மதியம். கோயம்பேடு ரோகிணியிலோ, குரோம்பேட்டை வெற்றியிலோ முதல் காட்சி முடிந்து கதவு திறக்கிறது. கூட்டம் வாசலைத் தாண்டுவதற்குள் பத்து மைக்குகள் நீள்கின்றன. “படம் எப்படி இருக்கு ப்ரோ?” ஒருவர் “வேற லெவல்” என்கிறார். அடுத்தவர், “ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் செம லேக்” என்கிறார். பின்னால் வரும் அம்மா, “பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு, சத்தம்தான் தாங்கல” என்று சொல்லிவிட்டு ஆட்டோ தேடிப் போகிறார்.

இந்த 15 விநாடிப் பேச்சுதான் 2024 இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

அந்த ஆண்டு நவம்பரில், ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ படங்களுக்கு நேர்ந்ததைக் குறிப்பிட்டு, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்கள் ரசிகர்களிடம் பேட்டி எடுப்பதை அனுமதிக்கக் கூடாது என்று தமிழ் திரைப்பட நடப்பு தயாரிப்பாளர்கள் சங்கம் அறிக்கை விட்டது. அடுத்து, படம் வெளியான முதல் 3 நாள்களுக்கு இணையத்தில் விமர்சனமே வரக்கூடாது என்று வழக்கு. டிசம்பரில் விசாரித்த நீதிமன்றம், விமர்சனம் என்பது கருத்துச் சுதந்திரம், பொத்தாம்பொதுவாகத் தடை போட முடியாது என்று இடைக்காலத் தடைக்கு மறுத்துவிட்டது. அவதூறு என்றால் போலீஸில் புகார் கொடுக்கலாம் என்பதும் அப்போது சொல்லப்பட்டது.

ஏன் சரியாக 3 நாள்?

வெள்ளி, சனி, ஞாயிறு. ஒரு படத்தின் வசூலில் பெரும்பங்கு வருவது இந்த மூன்று நாள்களில்தான். தியேட்டர் வசூலில் தயாரிப்பு - விநியோகத் தரப்புக்குப் போகும் பங்கு முதல் வாரத்தில் அதிகம், பிறகு வாரத்துக்கு வாரம் குறையும். திங்கட்கிழமை எந்தப் படத்துக்கு எத்தனை ஸ்கிரீன் என்பதும் ஞாயிறு வசூலைப் பார்த்துத்தான் முடிவாகும். சுமார் 4 வாரத்தில் படம் ஓடிடிக்கு வந்துவிடும் என்பது ரசிகர்களுக்கும் தெரியும். “சுமார்தான்” என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், “அப்போ ஓடிடில பாத்துக்கலாம்” என்று குடும்பம் முடிவெடுத்துவிடும். நால்வர் மல்டிபிளெக்ஸ் போனால் டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் என்று எவ்வளவு ஆகும் என்பது தெரிந்த யாரும் இதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இதில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 2023 ஜனவரியில் ‘துணிவு’ வெளியீட்டின்போது ரோகிணி தியேட்டர் வாசலில் ரசிகர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பிறகு இங்கே அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி இல்லை. பெரிய படங்களுக்கும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். ஆனால் கேரளாவில் ‘லியோ’ அதிகாலை 4 மணிக்கே ஓடியது. அதாவது, சென்னை ரசிகர் சீட்டில் உட்கார்வதற்கு முன்பே பாலக்காட்டிலிருந்து தீர்ப்பு வந்துவிடுகிறது. தியேட்டர் வாசல் மைக்கைத் தடை செய்வதால் இதில் என்ன மாறும் என்பது யாரும் சரியாகப் பதில் சொல்லாத கேள்வி.

சத்தம் அதிகம் என்றது யார்?

‘கங்குவா’வையே எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 14 அன்று படம் வெளியானதும் முதலில் கிளம்பிய புகார், பின்னணி இசையின் இரைச்சல். சொன்னவர்கள் பெரும்பாலும் சாதாரண ரசிகர்கள்தான். ஒரு சில நாளில் தயாரிப்புத் தரப்பே ஒலி அளவைக் குறைக்கச் சொல்லி தியேட்டர்களிடம் பேசியதாக அறிவித்தது. படமும் சுமார் 12 நிமிடம் குறைக்கப்பட்டது. ‘இந்தியன் 2’ படத்துக்கும் வெளியான சில நாள்களில் கத்தரி போட்டார்கள். ஆக, ‘வன்மம்’ என்று சொல்லப்பட்ட அதே வாசல் பேச்சிலிருந்துதான் திருத்தத்துக்கான குறிப்பும் வந்தது. 3 நாள் மௌனம் என்றால், அந்த மூன்று நாளும் காது வலியோடு பார்த்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு பக்கம், வாய்மொழியால் வாழ்ந்த படங்களின் பட்டியல் நீளம். 1999-ல் வாங்க ஆளில்லாமல் தவித்து, சில தியேட்டர்களில் மட்டும் வந்த ‘சேது’ ஓடியது பார்த்தவர்கள் பேசியதால்தான். 2024-ல் ‘லப்பர் பந்து’வும் அப்படித்தான் ஏறியது. 2025 மே 1 அன்று சூர்யாவின் ‘ரெட்ரோ’ வெளியான அதே நாளில் அறிமுக இயக்குநரின் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ தைரியமாக வந்து நின்றது. கோடிகளில் விளம்பரம் செய்ய முடியாத படங்களுக்கு தியேட்டர் வாசல்தான் போஸ்டர். பாசிட்டிவாகப் பேசிய ரசிகர்களின் வீடியோவை வெட்டி ‘மக்கள் கொண்டாடும்...’ என்று டிவி விளம்பரம் போடுவதும் இதே திரைத்துறைதான். பாராட்டினால் புரமோஷன், குறை சொன்னால் சதி என்பது கொஞ்சம் ஓவர்.

1860-லேயே சொல்லிவிட்டார்கள்

சரி, ஒரு படத்தை “மொக்கை” என்று சொன்னால் அது அவதூறா? இல்லை. இதை பிரிட்டிஷ் காலத்திலேயே யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள். 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம் 499-வது பிரிவில் அவதூறுக்கு விதிவிலக்குகள் உண்டு. ஆறாவது விதிவிலக்கின்படி, பொதுமக்களின் தீர்ப்புக்காக முன்வைக்கப்பட்ட படைப்பின் தரம் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது. மேடையேறும் நடிகர், பாடகர் எல்லாம் உதாரணமாகவே வருகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவிலும் இந்த விதிவிலக்கு தொடர்கிறது.

எல்லை எங்கே என்பதையும் சட்டம் காட்டுகிறது. படைப்பில் தெரிவதை வைத்துப் பேசுவது வேறு. படைப்பாளியின் சொந்த வாழ்க்கையையும் ஒழுக்கத்தையும் இழுப்பது வேறு. “அவர் நடிப்பு செட் ஆகல” என்பது கருத்து. அவரது உடலை, குடும்பத்தை, சாதியைச் சொல்லிக் கேலி செய்வதற்குப் பெயர் விமர்சனம் இல்லை. இந்த விஷயத்தில் தயாரிப்பாளர்களின் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். அவதூறு நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் வழி உண்டு.

கேரளத்தில் இந்தச் சண்டை இன்னும் முன்பே தொடங்கியது. 2023-ல் ‘ரிவ்யூ பாம்பிங்’ வழக்கை அம்மாநில உயர் நீதிமன்றம் விசாரித்தது. முதல் 48 மணி நேரத்துக்கு விலாகர்கள் விமர்சனத்தைத் தவிர்க்கலாம் என்று நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 2024-ல் பரிந்துரைத்தார். அங்கே முக்கியக் குறி, காசு கேட்டு மிரட்டுவதும், காசு வாங்கிக்கொண்டு எழுதுவதும்தான். பணம் பெற்று ஒன்றைப் பரிந்துரைத்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2023-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. டிக்கெட் எடுத்துப் பார்த்தவரையும், ரேட் கார்டு வைத்திருப்பவரையும் ஒரே கம்பியில் கட்டுவதுதான் 3 நாள் தடையில் உள்ள பெரிய கோளாறு.

மைக் முன் நிற்பவருக்கு

பேசியவரின் கதையை யாரும் கேட்பதில்லை. இரண்டு நிமிடம் நிதானமாகப் பேசியதில், கோபமான 7 விநாடி மட்டும் தம்ப்நெய்லில் வரும். நடிகரின் ரசிகர்கள் கமென்ட்டில் வந்து திட்டுவார்கள், முகம் மீம் டெம்ப்ளேட் ஆகும், திங்கட்கிழமை ஆபீஸில் “நேத்து உங்கள பாத்தேனே” என்பார்கள். வீடியோவை நீக்கச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது? விருப்பம் இல்லையென்றால் கையசைத்துவிட்டு நடையைக் கட்டலாம், தப்பே இல்லை. முகம் தெரிய வேண்டாம் என்றால் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் இருக்கிறது. ட்விஸ்ட்டை மட்டும் உடைக்காமல் இருந்தால் நண்பர்கள் மிஞ்சுவார்கள்.

ஆனால் அந்த ஸ்டேட்டஸில் ஹீரோ என்ட்ரி சீனை செல்போனில் பிடித்துப் போடுவது சிக்கல். 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, திருட்டுப் பிரதி எடுக்கும் நோக்கில் தியேட்டருக்குள் படத்தைப் பதிவு செய்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய், அதிகபட்சம் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம். “ஸ்டேட்டஸுக்குத்தான் எடுத்தேன்” என்று விளக்கம் சொல்லி நிற்பதைவிட, போனைப் பாக்கெட்டில் வைத்திருப்பது ஈஸி.