மோட்டார் வண்டி நொண்டுவது ஏன்?



டீசல் மோட்டார் வண்டி வைத்திருப்போரிற் பலர் இக்காலத்தில் விசித்திரமான ஒரு தொல்லைக்கு ஆளாகின்றனர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியின் முன்பலகையில் மஞ்சள் விளக்கொன்று எரிகின்றது. சாரதி அதனைப் பொருட்படுத்தாது செல்கின்றார். சில நாட்களின் பின் வேறொரு விளக்கும் சேர்ந்து எரிகின்றது. அதன்பின் அக்சிலரேற்றரை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் ஏறுவதில்லை. மேட்டைக் கண்டால் வண்டி திணறுகின்றது. நிற்கவுமில்லை, ஒழுங்காக ஓடவுமில்லை. இந்நிலையை ஆங்கிலத்தில் ‘லிம்ப் மோட்’ என்பர். நொண்டி நடை என்பது அதன் பொருள்.

காலில் முள் தைத்தவன் நொண்டுகின்றான். நொண்டுதல் நோயன்று, முள் மேலும் ஆழமாக ஏறாதபடி உடல் தனக்குச் செய்துகொள்ளும் காவல். வண்டியின் நொண்டலும் அத்தகையதே. எஞ்சினைக் கண்காணிக்கும் கணினி ஏதோவொரு குறையைக் கண்டு, பெருஞ்சேதம் நேராதபடி எஞ்சினின் வலுவைத் தானே குறைத்துவிடுகின்றது. ஆகவே, முள் எங்கே தைத்திருக்கின்றது என்பதையே நாம் முதலில் ஆராய வேண்டும். முட்கள் பலவாகலாம். அவற்றுள் இக்காலத்து டீசல் வண்டிகளிற் பெரிதும் காணப்படுவதாகிய புகைக்கரி வடிகட்டியின் அடைப்பைப் பற்றி இன்று பேச எண்ணுகின்றேன்.

டீசல் எஞ்சினிலே காற்று மிக அழுத்தப்பட்டுக் கொதிப்படைகின்றது. அக்காற்றினுள் எண்ணெய் நுண்துளிகளாகப் பீச்சப்படும்போது அது தானே தீப்பற்றுகின்றது. போதிய காற்றுக் கிடையாத இடங்களில் எண்ணெய் முற்றாக எரியாது கரியாகின்றது. அரிக்கன் லாம்பின் திரியை அளவுக்கு மிஞ்சி ஏற்றினாற் சிமினி கறுப்பதும் இக்காரணத்தாலேயே. சிமினியைத் துடைத்துவிடலாம், சுவாசப்பையைத் துடைக்க இயலாது. டீசற் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2012ஆம் ஆண்டில் முடிவு கூறியது.

இக்கரியை வண்டியிலேயே தடுத்துவிடும் நோக்கத்துடன் அமைந்ததே வடிகட்டி. பிரான்சு நாட்டின் பேஜோ நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தனது 607 என்னும் காரில் இதனைப் பொருத்தி விற்பனைக்கு விட்டது. 2009இல் நடைமுறைக்கு வரத்தொடங்கிய ‘யூரோ 5’ விதிகள், கார் ஒன்று ஒரு கிலோமீற்றர் ஓடுகையில் வெளிவிடும் துகள்கள் 5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என வகுத்தன. அதன்பின் ஐரோப்பிய டீசற் கார்களில் வடிகட்டி இன்றியமையாததாயிற்று. நம் நாட்டுக்கு வந்திறங்கிய டீசல் வண்டிகள் பலவற்றிலும் இது உண்டு.

அதன் அமைப்பைக் கூறுவேன். தேன்கூடு போன்ற ஒரு மட்பாண்டக் கட்டியை மனத்திற் கொள்ளுங்கள். அதனுள் நெடுக மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. ஒன்றுவிட்டொரு குழாயின் முன்வாயும், ஏனையவற்றின் பின்வாயும் அடைக்கப்பட்டுள்ளன. உட்புகுந்த புகை மறுபுறம் செல்ல வேண்டுமாயின், நுண்துளைகள் நிறைந்த சுவரினூடாகவே செல்ல வேண்டும். வாயு செல்கின்றது, கரி சுவரிலே தங்குகின்றது.

தங்கிய கரியை எரித்தே அகற்ற வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். நெடுந்தூரம் வேகமாகச் செல்லும் வண்டியில், புகையிலுள்ள நைதரசன் ஈரொட்சைட்டின் உதவியால் அதனிலும் குறைந்த வெப்பத்திலேயே கரி சிறிது சிறிதாக எரிந்துவிடும். அது போதாதபோது, கணினி சிறிதளவு எண்ணெயைக் காலந்தாழ்த்திப் பீச்சி, புகையின் வெப்பத்தை உயர்த்தி, கரியை எரிக்கின்றது. இதற்குப் பத்து முதல் இருபது நிமிடங்கள் வரை செல்லலாம். அவ்வேளையில் நின்ற நிலையிலும் எஞ்சின் சற்று விரைந்து சுழலும். றேடியேற்றர் விசிறி இரையும். சூடான மணம் வீசும். இவற்றைக் கண்டு அஞ்சி எஞ்சினை நிறுத்துதல் கூடாது.

தொல்லையின் வேர் பெரும்பாலும் இங்கேதான் உள்ளது. வீட்டிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் எஞ்சின் சூடேறுமுன்னே பயணம் முடிந்துவிடுகின்றது. எரிப்பு வேலை தொடங்கும், பாதியில் நிற்கும். கரி சேர்ந்துகொண்டே போகும். அதுமட்டுமன்று, காலந்தாழ்த்திப் பீச்சிய டீசலில் ஒரு பகுதி எஞ்சின் ஒயிலுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்கின்றது. ஊற்றாமலே ஒயிலின் மட்டம் ஏறியிருப்பின் மகிழ்ச்சியடைய வேண்டாம். அது அபாய அறிவிப்பு.

ஆயின், செய்யத்தக்கது யாது? வடிகட்டிக்குரிய விளக்கு மட்டும் அசையாது எரியுமாயின், கைந்நூல் கூறும் முறைப்படி, நெரிசலற்ற வீதியிற் சுமார் இருபது நிமிடம் மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் இடைவிடாது ஓட்டுதல் வேண்டும். தாங்கியில் எண்ணெய் குறைந்திருந்தால் எரிப்பு வேலை தொடங்காது; ஆதலால் முதலில் அதனைக் கவனிக்க வேண்டும். ஓடி முடிந்ததும் காய்ந்த புல், சருகு, ஓலை வேலி ஆகியவற்றின் அருகே வண்டியை நிறுத்தலாகாது. புகைக்குழாய் அப்போது கடுஞ்சூடாயிருக்கும்.

விளக்கு மின்னினாலோ, எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, வண்டி நொண்டத் தொடங்கினாலோ மேலும் விரட்டுதல் தவறு. கரி அளவுக்கு மிஞ்சிய நிலையிற் கட்டுக்கடங்காது தீப்பற்றினால் வடிகட்டி வெடித்துப் பிளக்கவும் உருகவும் கூடும். அப்போது கராச்சுக்குச் சென்று, கணினி பதிந்துவைத்துள்ள குறியீட்டை வாசிப்பிக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பமுண்டு. ‘பி 2463’ என்னும் குறியீடு கரி மிகுந்துவிட்டதென்பதைக் காட்டுவது. ‘பி 2453’ என்பதோ, வடிகட்டியின் முன்னும் பின்னுமுள்ள அழுத்த வேறுபாட்டை அளக்கும் கருவியின் கணக்கு நம்பத்தக்கதன்று என்பதைக் காட்டுவது. பின்னதிற் குற்றம் வடிகட்டியினுடையதாக இல்லாதிருக்கலாம்; அக்கருவிக்குச் செல்லும் இறப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம், கழன்றிருக்கலாம். எஞ்சின் நின்றிருக்கும்போது அக்கருவி பூச்சியத்தைக் காட்ட வேண்டும். காட்டாதாயின் முதலில் அதனையே ஐயுற வேண்டும். சிறு செலவில் முடியக்கூடிய வேலைக்காகப் பெரும்பணம் கொடுத்து வடிகட்டியை மாற்றுவோர் உண்டு.

கரி உண்மையிலேயே மிகுந்திருப்பின், ஏன் மிகுந்தது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். டேர்போவிலிருந்து காற்றுச் செல்லும் குழாய் கிழிந்திருக்கலாம். புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் வால்வு மூடாது சிக்கியிருக்கலாம். எண்ணெய் பீச்சும் இன்ஜெக்டர் ஒழுகலாம். தேர்மோஸ்ற்றாற் திறந்தபடியே நின்று, எஞ்சினைச் சூடேறவிடாது தடுக்கலாம். இவற்றைத் திருத்தாது குறியீட்டை மாத்திரம் அழித்துவிட்டால், சில நாளில் அது திரும்பி வரும். திருத்திய பின்னர் கராச்சிலேயே கருவியின் துணையுடன் கரியை எரித்தகற்றலாம்.

கரி வேறு, சாம்பல் வேறு என்பதையும் மறத்தலாகாது. அடுப்பிலே கரி மறுபடியும் எரியும், சாம்பல் எரியாது. எஞ்சின் ஒயிலிற் கலந்துள்ள உலோகப் பொருட்கள் எரிந்து சாம்பலாகி வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்குகின்றன. அதனை எந்த வெப்பமும் போக்காது. வடிகட்டியைக் கழற்றியே துப்புரவு செய்ய வேண்டும். இதனாலேயே, வடிகட்டியுள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஒயிலைக் கைந்நூல் விதிக்கின்றது. மலிவுகருதி வேறு ஒயிலை ஊற்றுபவர் வடிகட்டியின் ஆயுளைக் குறைக்கின்றார். கந்தகம் மிகுந்த டீசலும் இவ்வடிகட்டிகளுக்கு ஆகாது.

இறுதியாக ஒன்று. வடிகட்டியை வெட்டியெறிந்துவிட்டுக் கணினியையும் ஏமாற்றி வைத்தால் எல்லாத் தொல்லையும் தீரும் என்று ஆலோசனை கூறுவோர் எங்குமுள்ளனர். அவர்கள் சொல்வது ஓரளவுக்கு உண்மையே, வண்டி நொண்டாது. ஆனால் அதுவரை பெட்டிக்குள் அடங்கியிருந்த கரி வீதிக்கு வருகின்றது. பிரித்தானியாவில் 2014 பெப்ரவரி முதல், வடிகட்டி அகற்றப்பட்ட வண்டி வருடாந்தப் பரிசோதனையிற் சித்தியெய்தாது என விதித்தனர். அத்தகைய விதி இருப்பினும் இல்லாவிடினும், பாடசாலை வாயிலில் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் வேளையில் நம் வண்டியின் புகைக்குழாய் அவர்கள் அருகிலேதான் இருக்கின்றது என்பதை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே நேயர்களே, மஞ்சள் விளக்கு எரிந்த அன்றே அதனைக் கவனியுங்கள். வாரத்தில் ஒருமுறையாவது வண்டியைச் சற்று நெடுந்தூரம் ஓட்டுங்கள். கைந்நூல் சொல்லும் ஒயிலையே ஊற்றுங்கள். நாளாந்தம் இரண்டு மூன்று கிலோமீற்றர் மட்டுமே ஓடுவதாயின், அடுத்த வண்டி வாங்கும்போது டீசல் நமக்குத் தேவைதானா என்றும் சிந்தியுங்கள்.