இரண்டே மணி நேரத்தில் பிடிபடும் காசநோய்க் கிருமி

வீட்டில் ஒருவருக்கு இரண்டு வாரங்களுக்கு மேலாக இருமல் நீடிக்கிறது. மாலை நேரத்தில் இலேசான காய்ச்சல். உடல் நாளுக்கு நாள் மெலிகிறது. கஷாயமும் கடையில் வாங்கிய சிரப்பும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. "வெறும் மார்ச்சளிதான்" என்று நாளைக் கடத்துகிறோம். திருமண வயதுப் பெண்ணாக இருந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். அண்டை வீட்டாருக்கும் தெரியாமல் மறைத்து விடுகிறோம். அதற்குள் அக்கிருமி அதே கூரையின் கீழ் வாழும் முதியவர்களையும் பச்சிளம் குழந்தைகளையும் எட்டிவிடுகிறது.

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த செய்தியை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லின் நகரில் அறிவித்தார். அன்று தொட்டு நூறாண்டுகளுக்கும் மேலாக, சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் தேடுவதே வழக்கமான சோதனை. செலவு குறைந்த முறைதான். ஆயினும் ஒரு மில்லி லிட்டர் சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகளேனும் இருந்தாலன்றி அவை கண்ணில் படா. 'கிருமி இல்லை' என்னும் தாளுடன் வீடு திரும்பியோருள் உண்மையான நோயாளிகளும் இருந்தனர்.

முட்டை கலந்த ஊடகத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது இதனினும் நுட்பமானது. ஆனால் இக்கிருமி பெருஞ்சோம்பேறி. ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஆகவே 'இல்லை' என்று உறுதி சொல்ல 8 வாரங்கள் வரை காத்திருக்க வேண்டும்.

மூலக்கூறு முறை வேறு வழியில் செல்கிறது. அது கிருமியின் உருவத்தைத் தேடுவதில்லை, அதன் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளில் உள்ள எழுத்துகளைத் தேடுகிறது. பலகையில் உள்ள ஒரு வரியைக் கண்டதுமே எழுதிய மாணவன் யாரென்று ஓதிக்கொடுக்கும் ஆசிரியர் சொல்லிவிடுவாரல்லவா? அது போன்றதுதான் இதுவும்.

ஆனால் அந்த ஒரு வரி கண்ணுக்கெட்டாத அளவு சிறியது. அதைப் படியெடுத்துப் பெருக்கும் வழியை 1983-இல் அமெரிக்கரான கேரி முல்லிஸ் சிந்தித்தார். பி.சி.ஆர். எனப்படும் அம்முறைக்காக 1993-இல் நோபல் பரிசும் பெற்றார். மரபு இழையை ஏறத்தாழ 95 பாகை வெப்பத்தில் இரண்டாகப் பிரிப்பது, குளிரச் செய்வது, நொதியின் துணையால் ஒவ்வோர் இழைக்கும் இணை ஒன்றைக் கட்டுவது: இது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிக்கும். 30 சுற்றுகளில் கணக்குப்படி ஒரு துண்டு நூறு கோடிக்கும் மேலாகிவிடும்!

தொடக்கத்தில் ஒரு தொல்லை இருந்தது. அந்த வெப்பத்தில் நொதி கெட்டுப்போகும். ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக் என்பவர் 1960-களில் ஒரு நுண்ணுயிரைக் கண்டெடுத்திருந்தார். கொதிநிலையை நெருங்கும் சூட்டையும் தாங்கும் அதன் நொதிதான் இத்தொல்லையைத் தீர்த்தது. வெந்நீர் ஊற்றில் நுண்ணுயிர் தேடியவரை அன்று எத்தனை பேர் பொருட்படுத்தியிருப்பர்?

இம்முறையில் இயங்கும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது. சளியுடன் ஒரு திரவத்தைக் கலந்து சிறிது நேரம் வைத்திருந்து, சிறு பெட்டகத்தில் ஊற்றிக் கருவியினுள் செருகினால் போதும். இரண்டு மணி நேரத்திற்குள் விடை வந்துவிடும். இந்தியாவில் உருவான ட்ரூநாட் கருவிக்கு 2020-இல் அந்நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்தது. அது மின்கலத்தில் இயங்குவதால் சிற்றூர் நிலையங்களிலும் வைக்கலாம். அரசு மருத்துவமனைகளில் இச்சோதனைக்குக் கட்டணமில்லை.

இதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. ரிஃபாம்பிசின் என்பது இந்நோய்க்குரிய முதன்மையான மருந்து. சற்றே குணம் தெரிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவோரின் உடலில் அம்மருந்துக்கு அடங்காத கிருமி தலைதூக்கும். பின்பு அதுவே பிறருக்கும் தொற்றும். அத்தகைய கிருமிகளுள் பெரும்பாலானவற்றில், ஒரு குறிப்பிட்ட மரபணுவின் 81 எழுத்துகள் கொண்ட சிறு பகுதியில்தான் எழுத்து மாறியிருக்கும். ஜீன்எக்ஸ்பர்ட் அப்பகுதியையும் சேர்த்தே வாசித்துவிடுகிறது. எந்த மருந்து பயன்படாது என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டால், வீணான மாத்திரைகளில் மாதங்கள் கழியா.

சோதனையின் வெற்றி கொடுக்கும் சளியையும் பொறுத்தது. உமிழ்நீர் பயன்படாது. வாயை நீரால் கொப்பளித்துவிட்டு, ஆழ மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். காலையில் எடுப்பது சிறப்பு. பிறர் அருகில் இல்லாத திறந்தவெளியில் எடுங்கள். சளி துப்பத் தெரியாத சிறு குழந்தைகளுக்கு இரைப்பை நீரையோ மலத்தையோ சோதிக்கும் வழியும் உண்டு.

இக்கருவிக்கு ஒரு குறையும் இருக்கிறது. மரபுப்பொருள் உயிருள்ள கிருமியுடையதா, மருந்தால் மடிந்த கிருமியுடையதா என்பதை அது பிரித்தறியாது. எனவே சிகிச்சையின் இடையில் நோய் தணிந்துவிட்டதா என்று பார்க்க மருத்துவர் பழைய நுண்ணோக்கிச் சோதனையையோ கிருமி வளர்ப்பையோதான் கேட்பார். புதுக்கருவி இருக்கப் பழைய சோதனை எதற்கு என்று அவரிடம் வாதிட வேண்டாம்.